கில்னில் உலர்த்திய மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவு, ஜன்னல், தரை, மேஜை என்று எதைச் செய்யப் போனாலும் மரம் வாங்குகிறவர் முதலில் கேட்பது, "நல்லா சீசன் ஆன மரந்தானே?" என்பதைத்தான். கடைக்காரரும் தயங்காமல் "கில்ன் டிரை" என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்தப் பக்கம். பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கில்ன் என்பது மரத்தைச் சூடேற்றி உலர்த்தும் மூடிய அறை. அதை இங்கே சில இடங்களில் சூளை என்றும் எழுதியிருக்கிறேன். செங்கல் சூளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதன் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட இதில் கிடையாது.

வெட்டிய மரம்தான் செத்துவிட்டதே, அதை ஏன் மெனக்கெட்டு உலர்த்த வேண்டும்?

உயிர் போனாலும் தண்ணீர் போகவில்லையே. அப்போதுதான் அறுத்த பலகையைத் தூக்கிப் பாருங்கள், தோள் சொல்லிவிடும். அந்தத் தண்ணீர் எப்படியும் ஒருநாள் வெளியேறத்தான் போகிறது. அது வெளியேறும்போது மரம் சுருங்கும், வளையும், வெடிக்கும். இதெல்லாம் நிலையில் கதவாக மாட்டிய பிறகு நடக்க வேண்டுமா, அதற்கு முன்பே நம் கண்காணிப்பில் நடந்து முடிய வேண்டுமா என்பதுதான் கேள்வி. சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும், கோணுவதெல்லாம் கோணட்டும், அதன் பிறகு இழைத்து நேராக்கிக்கொள்ளலாம் என்பதே உலர்த்துவதன் கணக்கு.

ஈரப்பதம் 120 சதவீதம் என்கிறார்கள். நூறுக்கு மேல் எப்படிப் போகும்?

மரத்தின் ஈரத்தை மொத்த எடையில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவதில்லை. அறவே காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். காய்ந்தால் 1 கிலோ நிற்கும் துண்டுக்குள் 1.2 கிலோ தண்ணீர் இருந்தால் அது 120 சதவீதம். பைன் போன்ற மரங்களின் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டியுள்ள வெளுத்த பகுதி, பச்சையாக இருக்கும்போது சர்வசாதாரணமாக நூறைத் தாண்டும். நடுவில் உள்ள வைரப் பகுதியில் ஈரம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இதையே பெரிய அளவில் பார்த்தால், அறவே காய்ந்த நிலையில் 600 கிலோ தேறும் ஒரு அடுக்கை 60 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் கொண்டுவர 288 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கிட்டத்தட்ட 290 லிட்டர்! சூளை ஏன் இத்தனை எரிபொருளைத் தின்கிறது என்பது இப்போது புரியும்.

பலகை எந்தக் கட்டத்தில் சுருங்கத் தொடங்குகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மரத்தை நுண்ணிய குழாய்களின் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குழாயின் உள்ளே சும்மா நிற்கும் தண்ணீர். மற்றொன்று, குழாயின் சுவரோடு ஊறிக் கலந்திருக்கும் தண்ணீர். முதலில் வெளியேறுவது உள்ளே நிற்பது. அது முழுக்கப் போனாலும் பலகையின் அகலம் மாறாது, எடை மட்டும் குறையும். ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம் வரும்போது உள்ளே நின்ற தண்ணீர் தீர்ந்து, சுவரில் ஊறியது மட்டும் மிஞ்சியிருக்கும். இதை நார்த் தெவிட்டு நிலை என்கிறார்கள். இதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுவர் மெலியும், மரம் சுருங்கும்.

அதனால்தான் 80-இலிருந்து 40-க்கு இறங்கிய பலகையைக் காட்டி "பாதி ஈரம் போயிடுச்சு, ஒரு வளைவும் இல்லை" என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. ஆட்டமே இன்னும் தொடங்கவில்லை.

சுருங்குவது சரி. ஏன் கோணுகிறது?

எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கினால் பலகை சின்னதாகும், அவ்வளவுதான், கோணாது. மரம் அப்படிச் செய்வதில்லை. நெடுக்குவாக்கில் சுருக்கம் 0.1, 0.2 சதவீதம்தான், கணக்கிலேயே வராது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு அளவு. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு.

தேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையிலிருந்து அறவே காயும்வரை மையத்திலிருந்து பட்டையை நோக்கி 2.5 சதவீதம், வளையத்தை ஒட்டி 5.8 சதவீதம். அமெரிக்க பீச் மரத்தில் இதுவே 5.5 சதவீதமும் 11.9 சதவீதமும். வளையம் அகலவாக்கில் ஓடும்படி அறுத்த 200 மி.மீ. பலகையை 12 சதவீதத்துக்கு உலர்த்தினால் தேக்கில் சுமார் 7 மி.மீ. குறையும், பீச்சில் சுமார் 14 மி.மீ. தேக்கை நம்பிக் கதவு செய்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

கையில் ஒரு பலகை இருந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்கள் வில் மாதிரி வளைந்து தெரிந்தால், காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும். பலகையின் பட்டைப் பக்கம் குழிந்து, இரு ஓரமும் மேலே எழும்பும். வளையங்கள் மூலைக்கு மூலை ஓடும் சதுரச் சட்டமாக இருந்தால் காய்ந்தபின் சாய்சதுரமாகிவிடும். வட்டமாகக் கடைந்த பச்சைக் கட்டை முட்டை வடிவத்துக்குப் போகும். வெட்டுமுகத்தில் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும் பலகைதான் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்படி அறுத்தால் சேதாரம் அதிகம், அதனால் விலையும் அதிகம்.

நிழலில் அடுக்கிக் காயவைத்தால் போதாதா? முன்பெல்லாம் அப்படித்தானே செய்தார்கள்?

பல வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. மரத்தையும் பருவத்தையும் பொறுத்து இது முன்பின் ஆகும், ஆனாலும் மோசமான கணக்கில்லை. காற்றில் காய்ந்த மரத்தில் நிறம் நன்றாக நிற்கும், இழைக்கும்போது இதமாக இருக்கும் என்று சொல்கிற தச்சர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

சிக்கல் வேறு இடத்தில். வெளிக்காற்று எவ்வளவு ஈரமோ அதற்குக் கீழே அந்த மரம் இறங்காது. பெரும்பாலான இடங்களில் 12-க்கும் 20-க்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். குளிர்சாதனமோ கணப்போ ஓடும் அறைக்குள் 8 சதவீதம் வேண்டுமென்றால் நிழலில் எத்தனை வருஷம் கிடத்தினாலும் அந்த எண் வராது. பூச்சியும் சாகாது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதே பலர் வழக்கம். முதலில் சில மாதம் காற்றில் காயவைத்து 25 சதவீதம் வாக்கில் கொண்டுவந்துவிட்டுப் பிறகு சூளையில் ஏற்றுவார்கள். எரிபொருளும் மிச்சம், மரமும் பத்திரம்.

சூளைக்குள் என்னதான் நடக்கிறது?

சூட்டை ஏற்றித் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள், அவ்வளவுதானே என்று நினைப்போம். முதல் தடவை சூளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஆச்சரியம் உள்ளே நீராவி பீய்ச்சுவதைப் பார்க்கும்போதுதான் வரும். காயவைக்க வேண்டிய இடத்தில் ஈரத்தை ஏன் விடுகிறார்கள்?

வெளிப்புறம் காய்கிற வேகத்துக்கு உட்புறத் தண்ணீர் மேலே வந்து சேராது. வெளித்தோல் மட்டும் முந்திக்கொண்டு காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் மரத்தைச் சூடாக்க வேண்டும், ஆனால் காற்றை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சூடான மரத்துக்குள் தண்ணீர் சுலபமாக நகரும். ஈரக்காற்று வெளித்தோலை அவசரப்படவிடாது. உள்ளே ஈரம் குறையக் குறையச் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, காற்றின் ஈரத்தைப் படிப்படியாக இறக்குவார்கள்.

ஓக் போன்ற அடம்பிடிக்கிற மரத்துக்கு ஒரு அங்குலப் பலகைக்கான அட்டவணை 43 டிகிரி செல்சியஸில் தொடங்கும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கும் சும்மா இருக்கும் வெப்பமானிக்கும் இடையே அப்போது 2 டிகிரி சொச்சம்தான் வித்தியாசம், அதாவது காற்றில் 87 சதவீத ஈரம். முடிவில் 82 டிகிரி வரை போவார்கள், காற்றும் நன்றாக வறண்டிருக்கும். சூளை ஓட்டுகிறவர் நாள் முழுக்கக் கவனிப்பது அந்த இரண்டு வெப்பமானிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைத்தான். கூடவே மாதிரிப் பலகைகள் சிலவற்றை உள்ளே வைத்திருப்பார். அவற்றை அவ்வப்போது வெளியே எடுத்து எடைபோட்டுத்தான் அடுத்த படிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

பெரிய மின்விசிறிகள் காற்றை அடுக்கின் ஊடே தள்ளும். அதற்கு வழிவிடத்தான் பலகைகளுக்கு நடுவே ரீப்பர் குச்சி வைப்பது. எல்லாக் குச்சியும் ஒரே கனத்தில், பொதுவாக 19 முதல் 25 மி.மீ.க்குள், ஒன்றின்மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு குச்சி விலகியிருந்தால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து, அந்தத் தொய்வோடேயே காய்ந்து இறுகிவிடும். மேலே பாரம் ஏற்றி அழுத்துவதும் இதற்காகவே.

எல்லாச் சூளையும் ஒரே மாதிரியா?

மேலே சொன்னது நீராவியால் சூடேற்றும் வழக்கமான வகை. ஏ.சி. போலவே இயங்கி, காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்வித்துத் தண்ணீராக வடிக்கும் வகை சின்னப் பட்டறைகளுக்கு ஏற்றது. வெற்றிடச் சூளையில் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கானால் 46 டிகிரியே போதும். கனமான சட்டங்களைக்கூட வேகமாக உலர்த்திவிடலாம், ஆனால் இயந்திரம் விலை அதிகம். சூரியச் சூளையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனை நாள் ஆகும்?

ஒரு அங்குலப் பைன் பலகை சில நாட்களில் தயார். அதே கனத்தில் ஓக் பச்சையாக உள்ளே போனால் மூன்று, நான்கு வாரம் ஆகும். கனம் இரண்டு மடங்கானால் நாளும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள், அதைவிட அதிகமாகவே இழுக்கும். அதனால்தான் முழுக்கக் காய்ந்த பெரிய தூணோ உத்தரமோ கிடைப்பது அரிது. பெரும்பாலும் வெளியில் மட்டும் காய்ந்து நடுவில் ஈரமாகவே இருக்கும். அது காய்ந்து வெடிப்பு விடும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்க வேண்டும்.

அவசரப்படுத்தினால் என்ன ஆகும்?

வெளியே தெரிகிற சேதம் பரவாயில்லை. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு, முனையில் பிளவு, இவை கண்ணுக்குத் தெரியும், அறுத்து எறிந்துவிடலாம். முனை வழியாகத் தண்ணீர் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும் என்பதால், மரம் வெட்டிய கையோடு முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசுவது நல்லது.

உள்ளே ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. வெளித்தோல் வேகமாகக் காய்ந்து சுருங்கப் பார்க்கும், ஆனால் உள்ளே ஈரமாக உப்பியிருக்கும் மரம் அதைச் சுருங்கவிடாது. தோல் இழுபட்ட நிலையிலேயே விறைத்துப் போகும். பிறகு உட்புறம் காய்ந்து சுருங்க முயலும்போது விறைத்த தோல் அதற்கு இடம் கொடுக்காது. உள்ளே இழுவை தாங்காமல் போனால் தேன்கூடு மாதிரி உள்வெடிப்புகள் விழும். வெளியே பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும் பலகையை இழைத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். உள்வெடிப்பு விழாவிட்டாலும் அந்த இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். நெடுக அறுக்கும்போது ரம்பத்தின் பின்னால் பலகை மூடிக்கொண்டு ரம்பத்தையே கவ்விப் பிடிப்பது இதனால்தான்.

ஒருமுறை இப்படிப்பட்ட பலகையை நடுவில் அறுத்து இரண்டு மெல்லிய பலகையாக்கினேன். மாலையில் நேராக வைத்துவிட்டுப் போனவை காலையில் இரண்டு கிண்ணங்களாகக் குழிந்து கிடந்தன. மீட்டரில் ஈரம் 10 சதவீதம்தான் காட்டியது. எண்ணில் குறையில்லை, காயவைத்த விதத்தில்தான் குறை.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, குறுக்கே ஒரு அங்குலத் துண்டு வெட்டுங்கள். அந்தத் துண்டின் கனத்தில் நடுப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டால் இரண்டு பல் உள்ள முள்கரண்டி மாதிரி நிற்கும். இரு பல்லும் நேராக நின்றால் நல்லது. ஒன்றையொன்று நோக்கி உள்ளே வளைந்தால் இறுக்கம் இருக்கிறது. உடனே முடிவு கட்டாமல் ஒரு இரவு வைத்திருந்தும் பாருங்கள்.

நல்ல சூளையில் கடைசிக் கட்டமாக மறுபடி நீராவி விட்டு இந்த இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். நேரமும் எரிபொருளும் பிடிக்கும் வேலை என்பதால் பலரும் முதலில் கைவைப்பது இந்தக் கட்டத்தில்தான். யூகலிப்டஸ் வகைகள் சிலவற்றில் இன்னொரு வம்பும் உண்டு. தண்ணீர் வெளியேறும் இழுப்பில் உள்குழாய்களே அமுங்கிப் பலகை ஒட்டிப்போகும். அதைச் சுமார் 100 டிகிரி நீராவியில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் உப்பி வந்துவிடும்.

எனக்கு எத்தனை சதவீதம் வேண்டும்?

மரம் எங்கே வாழப்போகிறதோ அந்த இடத்தின் காற்று என்ன கேட்கிறதோ அத்தனை. காற்றின் ஈரம் 30 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 6-இல் போய் நிற்கும். 50 என்றால் 9, 65 என்றால் 12, 80 என்றால் 16. வீட்டுக்குள் போகும் மரச்சாமானுக்கும் தரைப் பலகைக்கும் 6 முதல் 12-க்குள் இடத்துக்கேற்ற ஒரு எண். கூரைச் சட்டம் போன்ற கட்டுமான மரத்துக்கு 19-க்குக் கீழே இருந்தாலே ஏற்கிறார்கள். வட அமெரிக்க மரத்தில் காணும் கேடி-19 முத்திரை சொல்வதும் அதைத்தான். அதை வாங்கி வந்து மேஜை செய்யாதீர்கள்.

ரொம்பக் காய்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. 6 சதவீத மரத்தில் ஈரமான ஊரில் கதவு செய்தால், மழைக்காலம் வரும்போது உப்பி நிலையைக் கவ்விக்கொள்ளும்.

விற்பவர் சொல்வது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

ஊசி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 6 முதல் 28 சதவீதம் வரை ஓரளவு நம்பலாம், அதற்கு மேல் காட்டுவது குத்துமதிப்பு. எந்த மரம் என்பதற்கேற்ப மீட்டரைத் திருத்த வேண்டும். முனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகத்தான் காட்டும். முடிந்தால் பலகையைக் குறுக்கே அறுக்கச் சொல்லி, புதிய வெட்டுமுகத்தின் நடுவிலும் ஓரத்திலும் குத்திப் பாருங்கள். இரண்டும் நெருக்கமாக இருந்தால் ஒழுங்காகக் காய்ந்த மரம்.

சந்தேகமே இல்லாத வழி அடுப்பு, அதாவது ஓவன்தான். சின்னத் துண்டை எடைபோட்டு, 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி எடைபோடுங்கள். 150 கிராம் 120 ஆனால், போன 30-ஐ 120-ஆல் வகுக்க 25 சதவீதம்.

கில்னில் காய்ந்த மரம் இனி அசையவே அசையாதா?

அசையும். சூளை மரத்தின் குணத்தை மாற்றுவதில்லை. வருஷா வருஷம் காற்றோடு சேர்ந்து கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். வளையத்தை ஒட்டி மொத்தம் 8 சதவீதம் சுருங்கும் மரத்தில் 300 மி.மீ. அகலப் பலகை, 12-இலிருந்து 16-க்குப் போனால் சுமார் 3 மி.மீ. விரியும். மேஜைப் பலகையைச் சட்டத்தோடு அசையாமல் ஒட்டிவிட்டால் அந்த 3 மி.மீ. எங்கே போகும்? ஒன்று மூட்டு விடும், இல்லை பலகை பிளக்கும். பழைய கதவுகளில் நடுப்பலகையை ஒட்டாமல் சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகியிருப்பதன் காரணம் இதுதான். வார்னிஷும் பெயிண்டும் ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

பூச்சி அரிக்காதா?

உள்ளே இருப்பது சாகும், புதிதாக வருவதை சூளையால் தடுக்க முடியாது. வெளிறுப் பகுதியிலுள்ள மாவுச்சத்தைத் தேடி மாவுவண்டு பிறகும் வரலாம். பூஞ்சையைப் பொறுத்தவரை, 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கும்வரை மரம் மக்காது.

பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் காணும் எச்.டி. முத்திரையைக் கண்டு ஏமாற வேண்டாம். நாடு விட்டு நாடு பூச்சி போகாமலிருக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி மரத்தின் நடுப்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்ததற்கான அடையாளம் அது. அரை மணி நேரத்தில் பூச்சி சாகும், பலகை காயாது.

சூட்டில் வைத்தால் வலு குறையாதா?

அட்டவணைப்படி செய்தால் வலு கூடும். பச்சையிலிருந்து 12 சதவீதத்துக்கு வரும்போது நெடுக்குவாட்டில் அழுத்தம் தாங்கும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நூறு டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் முறுகிப் போய் முறியும், அது வேறு கதை. பைனில் இன்னொரு லாபமும் உண்டு. 70 டிகிரிக்கு மேல் போனால் பிசின் இறுகிவிடும், பிறகு பெயிண்டைத் தள்ளிக்கொண்டு கசியாது.

சொந்தமாகச் சூளை கட்டலாமா?

சூரியச் சூளை கட்டலாம். சரிவான கண்ணாடி அல்லது பாலித்தீன் கூரை, உள்ளே கறுப்புத் தகடு, ஒரு மின்விசிறி, காற்று போக வர இரண்டு திறப்பு. நேரம் அதிகம் எடுக்கும்தான். ஆனால் ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன், காரணம் இரவு. பகலில் காய்ந்த தோல் இரவில் சூடு தணிந்து உள்ளே ஈரம் கூடும்போது கொஞ்சம் நனைந்து தளரும். பெரிய சூளையில் நீராவி விட்டுச் செய்வதை இங்கே இரவு இலவசமாகச் செய்துவிடுகிறது. பெரிய சூளையில் அரைமணி நேரக் கவனக்குறைவு ஒரு லோடு மரத்தைக் கெடுக்கும், இதில் கெடுப்பதற்கே மெனக்கெட வேண்டும்.

வாங்கி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

எந்த அறையில் இருக்கப்போகிறதோ அங்கேயே ரீப்பர் வைத்து அடுக்கி, ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். நேராகத் தரையில் போடாதீர்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடவும் வேண்டாம், அடியில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். புதுக் கட்டடம் என்றால் பூச்சு காயும்வரை மரத்தை உள்ளே கொண்டுபோகவே கூடாது. சுவர் பார்வைக்கு வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், சூளையில் மூன்று வாரம் விட்ட தண்ணீரை மரம் மூன்று வாரத்தில் திரும்பக் குடித்துவிடும். அந்த நிலையில் அளவெடுத்துப் பொருத்திய கதவு, வீடு காய்ந்ததும் சுருங்கி நிலையோரம் இடைவெளி காட்டும்.